உள்ளங்கையைக் காட்டியவள்

...அட்டை நங்கூரத்துக்குக்கூட விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்களே பாவிகள்... இந்தப் பாலைவனத்தில் துறைமுகமாவது மண்ணாவது என்று வேலைக்கு வந்த முதல் நாள் வில்மா விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் மாலுமித் தொப்பியை மாட்டிக்கொண்டு இதே ஓல்ட் ஹார்பர் சூதாட்ட ஹோட்டலில் இருபத்தாறு வருஷம் ஆட வந்தவர்களுக்குச் சீட்டுப் பிரித்துப் போட்டாள்... மூடி எட்டு மாசம், இன்றைக்குத் தட்டுமுட்டுச் சாமானெல்லாம் விற்பனை, லாஸ் வேகஸ் கிழடுகள் பாதி இங்கேதான். மகள் ஷெல்பிதான் காரில் அழைத்து வந்தாள், வழி முழுக்க ஒரு பேச்சில்லை, புருஷன் க்ளென் செத்த இரண்டு வருஷமாக இப்படித்தான், கேட்டால் பதில், அவ்வளவுதான்... பெற்ற மகளிடம் இன்றைக்காவது சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது?

இதோ அவள் நின்ற மேசை, பச்சைத் துணி நைந்து கிடக்கிறது. முறை மாற்ற வருகிறவள் பின்னாலிருந்து தோளைத் தொடுவாள், உடனே கைகளை ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கைகளைக் கூரைக் கேமராவுக்கு விரித்துக் காட்டிவிட்டு விலக வேண்டும், பணயம் வைக்கும் சில்லு எதையும் ஒளிக்கவில்லை பார் என்று... தூக்கத்திலும் தட்டுகிறாள் என்று க்ளென் கேலி செய்வான். அன்று காலை ஆஸ்பத்திரியில் அவன் மூச்சு நின்றது, நர்ஸ் பின்னாலிருந்து மெல்லத் தோளைத் தொட்டாள்... கடவுளே, தட்டிவிட்டாளே, விரித்துக் காட்டிவிட்டாளே, புருஷன் உடம்புக்கு முன்னால்! ஷெல்பி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல்பி... அன்னிக்கு நான் கையத் தட்டினது பழக்கதோஷம்டி. நர்ஸ் தோளத் தொட்டதும் கை தானா..."

"தெரியும்மா. இங்க காபிக்கடையில உக்காந்துதானே வீட்டுப்பாடம் எழுதினேன்? நீ தட்டுறத ஆயிரம் தடவ பாத்திருக்கேன்."

"அப்ப எதுக்குடி ரெண்டு வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"தட்டினதுக்கில்ல. வேல முடிஞ்சு வெளிய வருவியே, அப்பாடான்னு... அன்னிக்கும் உனக்கு அதே மூஞ்சிம்மா."

என்ன பேச்சு பேசுகிறாள் இவள்... பதினான்கு மாசம் படுத்த படுக்கையாகக் கிடந்தவனுக்கு ஊட்டி, துடைத்து, புரட்டிப் போட்டது யார், அன்று மத்தியானம் முழுக்கக் கதறி அழுதது யார்? அழுதாள், சத்தியமாக அழுதாள்... ஆனால் அதற்கு முன்னால், அந்த ஒரு நிமிஷம்? நன்றாக மூச்சு விட்டாளே, எத்தனையோ மாசத்துக்குப் பிறகு... இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லத்தான் வாயெடுத்தாள் வில்மா. ஷெல்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், சொல்ல வந்ததை விட்டுவிட்டு வில்மா உள்ளங்கைகள் இரண்டையும் மகளுக்கு விரித்துக் காட்டினாள்.