ஜூலைக்குக் கட்டிய பெட்டி

ஜாக்குலின் அனுப்பிய பட்டியலில் முதல் வரி, ‘ஸ்வெட்டர் வேண்டாம்.’ அதைப் படித்தபோது நான் கடை வாசலில் ஸ்வெட்டர்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். கார்த்திகை மழை நான்கு நாளாக விடவில்லை. போடிமெட்டுப் பக்கம் மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது. ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்காமலேயே கையை நீட்டி, தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். குடை, மழைக்கோட்டு, ரப்பர் பூட்சு, குரங்குக் குல்லா என்று மலையேறுகிறவர்களுக்கு வேண்டியதை விற்று முப்பத்திரண்டு வருடமாகிறது. எந்த மாதத்தில் எந்தச் சரக்கை முன்னால் தொங்கவிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் மகள் இருக்கிற ஊரில் மாதங்கள் தலைகீழாக இருந்தன. டிசம்பரில் அங்கே கோடை.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனுக்கு வடக்கே, கடலை ஒட்டி ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள் ஜாக்குலின். நான் வருகிறேன் என்று கிறிஸ்துமஸ் லீவில் இன்னும் வடக்கே ஒரு கடற்கரையில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருக்கிறாள். விடிகாலையில் கங்காருக்கள் மணலுக்கே வந்து நிற்குமாம். கடல் ஆமைகள் முட்டையிடக் கரையேறுமாம். பருத்திச் சட்டைகள் போதும், ஆனால் கொசுவுக்கு முழுக்கையாக இருக்கட்டும். அகலமான விளிம்பு வைத்த தொப்பி ஒன்று. தண்ணீருக்குள் போட்டுக்கொண்டு இறங்க ஒரு ரப்பர் செருப்பு. ஆமை பார்க்கப் போகும்போது உடுத்த இருட்டு நிறத்தில் ஒரு சட்டை, வெளிர் நிறமென்றால் ஆமை மிரண்டு திரும்பிவிடும். இப்படிப் போய்க்கொண்டிருந்த பட்டியலின் கடைசி வரி: ‘அம்மா பெட்டியைத் திறக்காமல் அப்படியே கொண்டுவாங்க. நான் திறந்துக்கிறேன்.’

அந்தப் பெட்டி முன்னறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஏழு மாதமாக நின்றுகொண்டிருந்தது.

ஜூலையில் போவதாக இருந்தோம், நானும் ஜெயபாக்கியமும். ஜூலை அங்கே குளிர்காலம். திமிங்கலங்கள் குட்டி போட வடக்கே போகிற வழியில் கரையிலிருந்தே தெரியும் என்று மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஜெயபாக்கியம் அதை எத்தனை தடவை பார்த்தாளோ. முன்பொரு அரைப் பரீட்சை லீவில் மகளோடு கன்னியாகுமரிக்குப் போனபோது கணுக்கால் நனைவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவள் அவள். “தேவாரம் ஊருல யானையே தோட்டத்துக்குள்ள வந்து தென்னங்கன்னப் பிடுங்கித் தின்னுட்டுப் போகுது. அதப் பாக்க நீ ஒரு நாளு பஸ்சேறுனதில்ல. இதுக்கு மட்டும் கடல தாண்டணுமாக்கும்” என்றேன். “யானை நம்மளப் பாக்க வருது. திமிங்கலத்த நாமதான போயிப் பாக்கணும்” என்றாள்.

ஜூலைப் பயணத்துக்கு ஏப்ரல் கடைசியிலேயே பெட்டியைக் கட்டிவிட்டாள். அவளுடைய வழக்கம் அது. நான் கடைசி நாளில் எல்லாவற்றையும் சாக்கில் அமுக்குகிற மாதிரி அமுக்குவேன் என்பது அவளுக்கு நித்தியப் புகார். என் சட்டைகளை மடித்து வைக்காமல், அவளுடைய சேலைக்குள் வைத்துச் சுருட்டுவாள். சேலைக்குள் இருந்தால் சட்டை கசங்காது. கடையிலிருந்து ஆறு ஸ்வெட்டர் எடுத்துப் போனாள், பேத்தி அபிஷாவுக்கு இரண்டு அளவில், வளர்ந்திருந்தால் என்ன செய்வது என்று. கடைசியில் ஜிப் நகரவில்லை. “நான் மேல உக்காந்துக்கிறேன், நீங்க இழுங்க” என்று ஏறி உட்கார்ந்தாள். நான் முட்டி போட்டு மூன்று பக்கமும் இழுத்தேன். “இன்னும் ரெண்டு இட்லி கூடத் தின்னுருக்கலாம்” என்றேன். மே மூன்றாம் தேதி மத்தியானம், கடையில் குடை எண்ணிக்கொண்டிருந்தவள் நெஞ்சு அடைக்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

ஜாக்குலினால் வர முடியவில்லை. விசா மாற்றுகிற விண்ணப்பம் நடுவில் நின்றது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. அடக்கத்தை யாரோ போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். கல்லறைத் தோட்டத்தில் சிக்னல் நின்று படம் உறைந்துவிட்டது. படம் திரும்ப வந்தபோது எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு ஒரு நாள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதனால்தான் பட்டியலின் அந்தக் கடைசி வரிக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குமே அதைத் திறக்க இஷ்டமில்லை. ஜெயபாக்கியம் தன் கையால் செய்து முடித்து, யாரும் கலைக்காமல் இந்த வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவள் அரைத்து வைத்த மிளகாய்த்தூள் ஆகஸ்டில் தீர்ந்தது.

ஆனால் பெட்டிக்குள் ஏலக்காய் இருந்தது.

ஜெயபாக்கியத்துக்கு வண்டி ஏறினால் குமட்டும். ஜீப்பானாலும் பஸ்சானாலும் ஒரு காயை வாயில் அடக்கிக்கொள்வாள். பையில், முந்தானை முடிச்சில், பைபிள் உறையில், எங்கு கைவிட்டாலும் ஒன்று கிடைக்கும்படி போட்டு வைப்பது அவள் பழக்கம். விதை, மண், தேன், ஊறுகாய் எதையும் கொண்டுவரக் கூடாது, ஏர்போர்ட்டில் கண்டுபிடித்தால் அபராதம் என்று ஜாக்குலின் அப்போதே போனில் படித்துப் படித்துச் சொன்னாள். “சரிம்மா, சரிம்மா” என்று கேட்டுவிட்டு, போனை வைத்ததும் இவள் ஒரு கை நிறைய ஏலக்காய் அள்ளிக்கொண்டு போனாள். “அவ சொல்றத சொல்லட்டும். குமட்டுனா அவளா வந்து பிடிப்பா?” எங்கெங்கே போட்டாள் என்று நான் பார்க்கவில்லை.

மத்தியானம் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பக்கத்தில் ஏதோ பறவை, ஆள் சிரிக்கிற மாதிரிக் கத்தியது.

“எத்தனைப்பா இருக்கும்?”

“அது அவளுக்குத்தான் தெரியும்.”

“மறைச்சாதான் அபராதம். பிளைட்ல ஒரு பேப்பர் குடுப்பாங்க. இருக்குன்னு குறிச்சுட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்களே பிரிச்சு எடுத்துப் போட்டுருவாங்க.”

“பிரிச்சா?”

“ஆமா. மேசை மேல வச்சு, ஒவ்வொண்ணா...” அங்கேயே நிறுத்திவிட்டாள். பிறகு, “கையுறை போட்டிருப்பாங்க” என்றாள். அது எனக்கு ஆறுதல் என்று நினைத்தாளோ என்னவோ. பறவை திரும்பவும் கத்தியது. “வேணாம்ப்பா. நீங்களே பிரிங்க. எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப வச்சுருங்க.”

“நான் வச்சா உங்கம்மா வச்ச மாதிரி இருக்குமா?”

“கிட்டத்தட்ட அப்படி இருந்தாப் போதும்.”

கடைக்குப் பின்கட்டில் குடியிருக்கிற அன்னக்கொடி இதைக் கேட்டுக்கொண்டே குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் தரம் பிரித்துப் பொறுக்குகிறவள். பச்சைக் காயை ஒரு பக்கமும் வெளுத்ததையும் வெடித்ததையும் இன்னொரு பக்கமும் தள்ளித் தள்ளி, பேசிக்கொண்டே ஒரு மூட்டையை முடித்துவிடுவாள். “நான் பொறுக்கித் தர்றேண்ணே. ஒரு காயி தப்பாது” என்றாள்.

“வேணாம், அன்னக்கொடி. இது என் சோலி.”

“அப்ப அந்தப் பெட்டிய விட்டுட்டுப் புதுசா ஒரு பைய எடுத்துக்கங்க. கடை நெறையத் தொங்குதுல்ல.” நான் கடைப்பக்கம் திரும்பியதைப் பார்த்து, “சரி சரி, கேட்டேன். கோவிச்சுக்கிறாதீக” என்று உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிலில் படுக்க வைத்தேன். முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு அடுக்கையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு படம், திரும்ப வைக்கும்போது பார்த்துக்கொள்ள. ஜிப்பை இழுத்ததும் மூடி தானாக மேலே எழும்பியது. வாசம் வந்தது. ஏலக்காய் வாசம்தான், வேறொன்றுமில்லை. வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மேலே மாம்பழ நிறச் சேலை. அதைச் சுருளிலிருந்து பிரித்தபோது உள்ளே என் கோடு போட்ட சட்டை, ஒரு கசங்கல் இல்லாமல். பையில் இரண்டு காய். எவர்சில்வர் தட்டில் போட்டேன். குரங்குக் குல்லாவுக்குள் மூன்று. ஸ்வெட்டரின் கை நுனியில், மடித்த மடிப்பில், ஒன்று. அபிஷாவின் கம்பளிக் கையுறையில் கட்டைவிரல் இடத்தில் ஒன்றைத் திணித்திருந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் குமட்டும் என்று நினைத்திருப்பாள் போல. எல்லாமே பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகியிருந்தன. காற்றுப் பட்டால் நிறம் போய்விடும். அதனால்தான் வியாபாரிகள் உள்ளே பிளாஸ்டிக் பை வைத்து மூட்டை கட்டுகிறார்கள். அவள் கைக்குட்டையைத் தொட்டபோது முனையில் முடிச்சு இருந்தது. அதை அவிழ்க்க நகம் போதவில்லை. பல்லால் அவிழ்த்தேன்.

அடியில் ஒரு பழைய துணிப்பையில் என் இரண்டு முழுக்கைச் சட்டைகள் இருந்தன, கருநீலம். குளிருக்கு முழுக்கை என்று எடுத்து வைத்திருப்பாள். ஆமைக்கு நான் போய்ப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

சாயங்காலம் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். ஜாக்குலின் வேண்டாம் என்றாலும் ஸ்வெட்டர்களை எடுக்க மனம் வரவில்லை. எடுத்தால் அது அவள் கட்டிய பெட்டியாக இருக்காது. தொப்பியும் ரப்பர் செருப்பும் புதிய பருத்திச் சட்டைகளும் பக்கத்தில் காத்திருந்தன. சேலையை மடிப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடமும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் என் வேலை. அவள் எதிரில் நின்று இரண்டு கைகளையும் சேர்ப்பாள், நானும் சேர்ப்பேன். நடந்து வந்து என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொள்வாள், நான் குனிந்து கீழ்மடிப்பை எடுத்துக் கொடுப்பேன். இப்போது ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையோடு அறையின் இந்தக் கோடிக்கு வந்தேன். ஊதாக் கட்டங்கள் போட்ட சேலை நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினேன். மூன்றாவது தடவை சுமாராக வந்தது. படத்தைப் பார்த்து, சட்டையை வைத்து, சுருட்டினேன். அவளுடைய சுருள்கள் கைக்கு இறுக்கமாக இருந்தன. என்னுடையவை கொஞ்சம் பருமனாக வந்தன. நான்கு சேலை, நான்கு சட்டை. புதியவற்றையும் சேர்த்து அடுக்கியதும் பெட்டி மேடாக நின்றது. மூடி பாதி தூரம்கூட இறங்கவில்லை.

“அன்னக்கொடி” என்று குரல் கொடுத்தேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கட்டிலையும் பெட்டியையும் சுற்றிப் பார்த்தாள். “கடல்ல குளிக்கப் போறீகளா, குளிரு காயப் போறீகளா? ரெண்டுக்குமுல்ல கட்டியிருக்கீக.”

“கொஞ்சம் மேல உக்காரு. நான் இழுத்துர்றேன்.”

“அய்ய. அக்கா பெட்டி மேல நான் உக்கார மாட்டேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் ஓர் அடி பின்னால் போய்விட்டாள். “நீங்க உக்காருங்க. நான் இழுக்கேன்.”

பெட்டியைத் தரைக்கு இறக்கி வைத்து நான் ஏறி உட்கார்ந்தேன். ஜெயபாக்கியம் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தபோதுதான், அங்கிருந்து தெருவும் மலையும் தெரியும் என்று கண்டேன். மழை விட்டிருந்தது. குரங்கணிப் பக்கம் ஒரு சரிவு மட்டும் வெளியே வந்து பச்சையாக நின்றது. ஆள் ஏற்றிய ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அன்னக்கொடி முட்டி போட்டு, ஒரு கையால் ஓரத்தை அமுக்கி, மறு கையால் இழுத்துக்கொண்டு வந்தாள். “நல்லா அழுத்தி உக்காருங்கண்ணே. கொறஞ்சு போயிட்டீக, வெயிட்டே இல்ல.” முதல் பக்கம் முடிந்தது. மூலை திரும்பியது. நான் உடம்பை அந்தப் பக்கமாகச் சாய்த்தேன்.

அப்போது எனக்குக் கீழே, துணிகளுக்குள் ஆழத்தில் எங்கோ, நொறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். கேட்டது என்பதைவிட உடம்புக்குத் தெரிந்தது என்று சொல்லலாம். கொஞ்ச நேரத்தில் வாசம் மேலே வந்தது. வெளுத்த காயின் பழைய வாசம் இல்லை. அப்போதுதான் இடித்த மாதிரிப் புத்தம் புதிதாக, மூக்கைத் தொடுகிற வாசம்.

அன்னக்கொடியின் கை நின்றது. முகத்தைத் தூக்கினாள். நாள் முழுக்க அதே வாசத்தில் உட்கார்ந்திருக்கிறவள்.

“அண்ணே.”

“ம்.”

“உள்ள ஒண்ணு கெடக்கு.”

“தெரியுது.”

அவள் என்னைப் பார்த்தாள், தட்டில் கிடந்த காய்களைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். “இழுக்கவா, எறங்குறீகளா?”

ஜிப் மூடுவதற்கு ஒரு சாண் மிச்சம் இருந்தது. அந்த இடைவெளியில் மாம்பழ நிறத்தில் ஒரு ஓரம் தெரிந்தது, வாசம் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்னக்கொடி ஜிப்பின் நுனியை விடாமல் பிடித்தபடி இருந்தாள்.