மரியநாயகம் தந்த கட்டில்கள்

எனக்கு விடுப்புக் குணம், அடுத்த வீட்டுக் கதை அறியும் ஆசை, கொஞ்சம் கூட. அதை ஒளித்துப் பயனில்லை. கொக்குவிலில் எந்த வீட்டு வாசலில் புது ஆட்களின் செருப்புக் கிடந்தாலும் என் சைக்கிள் தானாக மெதுவாகிவிடும் என்று தங்கை நக்கலடிப்பாள். அந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லு என்று அனுப்பும் வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்தான்.

வேலை நேசமலர் அன்ரியின் நிதியத்தில். நிதியம் என்றதும் மாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். அன்ரி வீட்டு முன்னறை, ஒரு மேசை, சத்தம் போடும் ஒரு மின்விசிறி, பிறகு நான். இலண்டனில் இருக்கும் அன்ரியின் மகள் மிரியமும் அவளோடு படித்தவர்களும் பணம் சேர்த்து அனுப்புவார்கள். குடாநாட்டில் உள்ள சின்னச் சின்னச் சங்கங்களில் யாருக்குக் கொடுப்பது என்று அன்ரி முடிவு செய்வார். வல்வெட்டித்துறையில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் ஒரு குழு, பண்டத்தரிப்பில் கமக்காரர் சேர்ந்து வாங்கிய தண்ணீர் மோட்டர், இப்படிப் பெரிய நிறுவனங்களின் கண்ணில் படாத காரியங்கள். கொடுத்தது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு.

என் மேசைக்கு நேரெதிரே சுவரில் ஒரு படம் இருக்கிறது. அன்ரியின் மகன் அனோஜன். வன்னிக்கு வேலைக்குப் போனவர், கடைசிச் சண்டையோடு தகவல் இல்லை. படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. அன்ரி அதைக் காலையில் துணியால் துடைப்பார். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை, நான் உட்பட.

நிதியத்துக்கு ஒரு விதி உண்டு. நாங்கள் உதவிய எதிலும் யாருடைய பெயரும் இருக்கக்கூடாது. பெயர்ப்பலகை, திறப்புவிழா, ஞாபகார்த்தம் ஒன்றும் கூடாது. வெளிச்சமே வராத அளவுக்குக் குழல்விளக்கு முழுவதும் உபயகாரரின் பெயரை எழுதிவைக்கும் ஊரில் இப்படியொரு விதி. முந்திய வருடம் ஒரு சங்கம் தண்ணீர்த் தாங்கியில் தங்கள் பழைய தலைவரின் பெயரை 'ஞாபகார்த்தமாக' என்று எழுதிவிட்டது. அடுத்த தடவை அன்ரி அவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. நான் எவ்வளவோ மன்றாடினேன், மசியவில்லை. மெதடிஸ்த வீட்டு அடக்கம் இந்தளவுக்கு முற்றலாமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மார்கழியில் நான் கத்தோலிக்க மீனவர்கள் வாழும் குருநகருக்குப் போனேன். அங்கே மாதர் குழு ஒன்றுக்கு அந்த வருடம் உதவியிருந்தோம். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு அனுப்பிவிடும் நோயாளிகளுக்குக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று இரவல் கொடுப்பார்கள், தேவை முடிந்ததும் திருப்பி வாங்கி அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். பிசியோதெரபி செய்யும் பெண் ஒருவர் கிழமைக்கு ஒருதரம் வீடு வீடாகப் போவதற்கும் எங்கள் பணம்தான். தைமாதம் நாங்கள் உதவியை நீடித்தால்தான் அதெல்லாம் தொடரும்.

முதலில் எமில்ராஜின் வீட்டுக்குப் போனேன். கடலட்டைக்குச் சுழியோடியவர். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. முப்பத்தைந்து வயதுகூட இராது. உதவி தொடங்குமுன் நான் கண்டபோது பாயில் கிடந்தார், முதுகில் புண். இப்போது தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால்விரல் ஒன்று அசைகிறது என்று அவருடைய மனைவி சிசிலியா என்னைக் கையில் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். உண்மையிலேயே அசைந்தது.

அப்போதுதான் கட்டிலின் தலைப்பக்கச் சட்டத்தைப் பார்த்தேன். பச்சைப் பெயின்றில், அழகான எழுத்தில், 'மரியநாயகம் ஞாபகார்த்தமாக' என்று இருந்தது.

தண்ணீர்த் தாங்கி ஞாபகம் வந்தது. ஆனால் விடுப்பு அதைவிட வேகமாக எழும்பியது. யார் இந்த மரியநாயகம் என்று கேட்டேன். எமில்ராஜ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இது தெரியாமல் எப்படி இந்த வேலைக்கு வந்தாய் என்பது போல. பெரிய போட் வைத்திருந்த மனுசனாம். அந்தக் காலத்தில் கடலில் தத்தளித்த எத்தனையோ பேரைக் கரைசேர்த்தவராம். சிசிலியா இடையில் புகுந்து, இல்லை, அவர் பிரான்சுக்குப் போய் அங்கே பனியில் விறைத்து மோசம் போனவர் என்றாள். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கொஞ்சம் சண்டையும் பிடித்தார்கள்.

அடுத்த வீட்டில் சக்கர நாற்காலியிலும் அதே பெயர். அங்கே மரியநாயகம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆகியிருந்தார். கூத்துக்கு அவர் ராசா வேடம் கட்டினால் சனம் விடியும்வரை எழும்பாதாம். சந்திக் கடைக்காரர் அவரைத் தன் தாயின் ஒன்றுவிட்ட தமையன் என்றார். ஆள் நல்ல உயரம், சாப்பாட்டில் கணவாய்க் கறி இல்லாவிட்டால் கோபம் வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். கார்த்திகையில் மரித்தோர் திருநாளன்று சனம் சேமக்காலையில் அவருடைய கல்லறையைத் தேடியிருக்கிறது. கிடைக்கவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தும் பெரிய சிலுவையடியில் அவருக்கும் கொளுத்தியிருக்கிறார்கள். அவருடைய ஆன்மாவுக்காகப் பூசையும் ஒப்புக்கொடுத்தார்களாம்.

இவ்வளவு பெரிய மனிதர் என் காதில் மட்டும் எப்படி விழாமல் போனார்? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. நேரே மாதர் குழுத் தலைவி லூர்த்தம்மாவிடம் போனேன். சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டிருந்தார். நான் பெயரைச் சொன்னதுமே அவருடைய முகம் விழுந்துவிட்டது. என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. நாங்கள் வைச்ச பெயர்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. விதி தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

அவர்கள் பகுதியில் ஒருவர் செத்தால், அவர் பாவித்த கட்டில், கதிரையை வீட்டுக்காரர் இல்லாதவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கொடுக்கும்போது பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். வாங்குபவர் அந்தப் பெயருக்கு ஒரு செபம் சொல்லுவார், அதோடு கணக்குச் சரி. பெயரில்லாமல் ஒரு கட்டில் வந்தால், ஏதோ ஒரு வீட்டுக்காரர் கெட்ட சாவொன்றை மறைத்து ஊர்த் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். நாங்கள் அனுப்பிய கட்டில்கள் கடையில் வாங்கிய புதுக் கட்டில்கள் என்று லூர்த்தம்மா தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். அப்படியென்றால் யார் தந்தது என்று கேட்டார்கள். விதிப்படி அவர் வாயைத் திறக்கவில்லை. அதோடு சந்தேகம் இன்னும் முற்றிவிட்டது. மாதக்கணக்கில் கட்டில்கள் கொட்டிலில் சும்மா கிடந்தன. எமில்ராஜ் பாயில் புண்ணோடு கிடந்தார். சிசிலியா கட்டிலை வீட்டுக்குள் ஏற்றவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"தெருவுக்கு ஒரு மரியநாயகம் இருந்திருப்பர். ஆரும் தங்கடை ஆள் எண்டு நினைச்சுக்கொள்ளட்டும் எண்டுதான் அந்தப் பெயரை எடுத்தனாங்கள்" என்றார் லூர்த்தம்மா. "எழுதின அண்டைக்கே எல்லாக் கட்டிலும் வீடுகளுக்குப் போயிட்டுது. இப்ப அழிச்சா எல்லாம் திரும்பி வந்திடும் பிள்ளை. நீங்கள் காசை நிப்பாட்டினா, அவன்ரை காலை ஆர் வந்து பிடிச்சு விடுறது?"

அந்தக் கேள்வியோடுதான் பஸ்சில் வந்தேன். எமில்ராஜின் விரல் கண்ணுக்குள்ளேயே நின்றது. பூசி மெழுகிவிடலாம் என்று தீர்மானித்தேன். எல்லாம் நன்றாக நடக்கிறது, தொடர்ந்து கொடுக்கலாம், அவ்வளவுதான். வழிநெடுக ஒத்திகையும் பார்த்தேன்.

அன்ரியிடம் அது எடுபடவில்லை. நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பெயர் ஏதும் எழுதியிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை. மரியநாயகத்தின் முழுக்கதையையும், போட்டில் இருந்து கணவாய் வரைக்கும் ஒப்புவித்தேன். அன்ரி சிரிக்கவில்லை. ஞாபகார்த்தமாக என்றா எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடினார். தண்ணீர்த் தாங்கிக்காரருக்கும் இப்படித்தான் மூடியவர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒருவரும் தொடாத கட்டிலைக் கொடுத்துவிட்டு நாங்கள் பெருமைப்படுவதா, உங்கள் அடக்கத்துக்காக அந்த மனுசன் பாயிலேயே அழுகுவதா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அன்ரி கோபிக்கவில்லை. சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"அடக்கம் இல்லைப் பிள்ளை" என்றார். "இதைத் தொடங்கேக்கை மிரியம் 'தம்பி ஞாபகார்த்தமாக' எண்டு எழுதிக்கொண்டு வந்தவள். நான் ஏலாது எண்டன். பெயரே வேண்டாம், ஒண்டிலையும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். அவன் செத்திட்டான் எண்டு ஆர் வந்து எனக்குச் சொன்னது?"

எந்த வீட்டில் என்ன கறி என்பதுவரை விசாரிக்கிற நான், தினமும் அந்தப் படத்துக்கு எதிரே இருந்துகொண்டு இதைக் கேட்கவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்ரி எழும்பிப் போகும்போது, நாளைக்குத் தானும் குருநகருக்கு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் ஓட்டோவில் போய் இறங்கினோம். மாதர் குழுப் பெண்கள் கொட்டில் வாசலில் வரிசையாக நின்றார்கள். நடுவே எமில்ராஜ் சக்கர நாற்காலியில். காசு நிற்கப்போகிறது என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. அன்ரி யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. கொட்டிலுக்குள் போய், அடுத்த வீட்டுக்கு அனுப்பத் துடைத்து வைத்திருந்த கட்டிலின் சட்டத்தில் கையை வைத்தார். எழுத்தை விரலால் தடவினார். எமில்ராஜ் பின்னாலிருந்து, மரியநாயகம் ஐயாவை அம்மாவுக்குத் தெரியுமோ என்று மரியாதையாகக் கேட்டார். லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தார்.

அன்ரி லூர்த்தம்மா பக்கம் திரும்பினார்.

"பெயர் இருக்கட்டும். 'ஞாபகார்த்தம்' எண்டதை அழிச்சுப்போட்டு 'அன்பளிப்பு' எண்டு எழுதுங்கோ. உவர் செத்தவர் எண்டு ஆர் கண்டது?"

தானே பெற்றுத் தானே சாகடித்த ஆளைப் பற்றி லூர்த்தம்மாவிடம் அப்படிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. அன்ரியின் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஓம் அம்மா, ஒருத்தரும் காணேல்லை என்று மெதுவாகச் சொன்னார். பெயின்ற் வாளியையும் தூரிகையையும் எடுத்துவரச் சொன்னார். அன்று பின்னேரமே எல்லாச் சட்டங்களிலும் 'மரியநாயகம் அன்பளிப்பு' என்று ஆகிவிட்டது.

கட்டில்கள் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பெயர் இருந்தது, அது போதும். தைமாதம் நிதியமும் உதவியை நீடித்தது. சந்திக் கடைக்காரருக்குத்தான் கொஞ்சம் கரைச்சல், தாயின் ஒன்றுவிட்ட தமையனை அவர் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. அதையும் ஒரு கிழமைக்குள் செய்துவிட்டார். பிரான்சில் சுகமாக இருக்கிறாராம், காலநிலைதான் ஒத்துவரவில்லையாம்.

மாசியில் குருநகரில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். இந்த முறை மரியநாயகத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இல்லை. தூரதேசத்தில் இருக்கும் மரியநாயகம் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டார்கள். அன்ரி என்னோடு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார். எங்களுக்கு அந்தப் பூசை பழக்கமில்லை, எல்லோரும் எழும்பிய பிறகும் அன்ரி முழந்தாளிலேயே இருந்தார். நான் எழுப்பவில்லை.

முடிந்து வெளியே வந்தபோது எமில்ராஜ் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். தனக்கு மரியநாயகம் ஐயாவை ஒருதரம் காண வேண்டும், கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும், எப்போது வருவார் என்று அன்ரியிடம் கேட்டார். நான் பதறிப்போய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

அன்ரி குனிந்து அவருடைய கையைப் பிடித்தார்.

"தெரியாது தம்பி. வந்த உடனை முதல்லை உங்கடை வீட்டைதான் கூட்டிக்கொண்டு வருவன்."