கோச் கிராமத்து வண்டி

ஒருவன் வண்டியைப் பறிகொடுத்தால் ஊரே சேர்ந்து வேறொன்று செய்து கொடுப்பது எங்கள் கோச் கிராமத்து வழக்கம். புடா நகரத்துக்கும் வியன்னாவுக்கும் வண்டி ஓட்டித்தான் இங்கே எல்லோரும் வயிறு வளர்க்கிறோம்.

போன இலையுதிர் காலத்தில் என் மனைவியின் தம்பி லோரின்ட்ஸ் சாட்டையோடு மட்டும் நடந்து வந்தான். வழிப்பறிக்காரர்கள் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று என் தோளில் விழுந்து அழுதான். கொல்லன் இரும்புப் பட்டை கொடுத்தான். பெண்கள் கூண்டுக்குப் பிரம்பு பின்னினார்கள். வண்டித் தச்சனான நானோ என் மகள் யுதித்தின் கல்யாண வண்டிக்கென்று உலர வைத்திருந்த மரத்தையே அறுத்தேன். வண்டி கொடுக்காமல் இங்கே பெண்ணை அனுப்ப முடியாது. வசந்தத்தில் வியன்னா வணிகர்கள் புது வண்டி கேட்டு வருவார்கள், அந்த வரும்படியில் வேறு மரம் வாங்கலாம் என்று நினைத்தேன்.

ஒருவரும் வரவில்லை. பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். யுதித்தின் கல்யாணம் தள்ளிப்போனது.

பிறகு ஓர் இத்தாலிய வணிகர் சக்கரம் ஆடுகிறதென்று வந்தார். வண்டி புத்தம் புதிது. அடியில் படுத்துப் பார்த்தேன். பின் அச்சுக்கு மேலே ஒன்றுக்கும் உதவாத ஒரு துளை. லோரின்ட்ஸின் பழைய வண்டியில் நான் அவசரத்தில் தப்பாகப் போட்டது. என் தப்பையும் சேர்த்து நகலெடுத்திருக்கிறார்கள்!

"எங்க வாங்கினீங்க?"

"வியன்னாவுல. அங்க ஒரு தச்சர், எவனோ வண்டிக்காரன் வித்த வண்டியப் பிரிச்சுப் பாத்து அதே மாதிரி பண்றார். ஜெர்மன்காரன், எங்க ஆளுங்க, எல்லாம் அவர் வாசல்லதான் நிக்கிறோம். இந்த வண்டிக்குப் பேரு 'கோச்சி'. அப்படிச் சொன்னா எந்த ஊர்லயும் புரியுது."

லோரின்ட்ஸ் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"வித்துட்டா வந்து அழுத?"

"நான் விக்கலைன்னா வேற எவனாவது வித்திருப்பான் அத்தான். நம்ம ஊர் பேரு ஊர் ஊராப் போகுதுல்ல?"

"என் பொண்ணுக்கு வச்ச மரம்டா உன் புது வண்டி!"

எங்கள் சண்டை புரியாத இத்தாலியர் நடுவில் புகுந்தார்.

"ஆமா, இது எந்த ஊரு?"

"கோச்."

அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வண்டியோட பேரையா ஊருக்கு வச்சிருக்கீங்க?"

அவரோடு சேர்ந்து லோரின்ட்ஸும் சிரித்தான்.