குடத்துக்கு ஒரு தீர்மானம்

அப்பாவின் தலைமாட்டில் நின்றபடியே நவமணி கூடாரத்தில் இருந்த தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாய்க்கரிசி போட்டவர்கள் கையைத் தட்டிவிட்டு நாற்காலிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வேண்டாம் என்பார். கோயில் தலைவர் சன்னாசி வேண்டாம் என்பார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் வரிசை அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும். ஈப்போவில் சட்டமன்ற உறுப்பினராக உட்கார்ந்து உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் இது. செத்த வீட்டிலுமா எண்ணுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினாள்.

அவள் கேட்க நினைத்தது ஒன்றுதான். அப்பா பழனியப்பனுக்கு அவள் ஒரே பிள்ளை. பிள்ளைதான் தோளில் தண்ணீர்க்குடம் சுமந்துபோய்க் குழியைச் சுற்றிவந்து உடைக்க வேண்டும். ஆனால் இங்கே பெண்கள் இடுகாட்டுக்கே போவதில்லை. சாலை பிரிகிற சிம்பாங் வரை அழுதுகொண்டு போவார்கள். அங்கிருந்து திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிடுவார்கள். பீடோருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டம் செம்பனைக் காடாகி, தொழிலாளர் லயங்களை இடித்துத் தாமான் குடியிருப்பு கட்டியாகிவிட்டது. இந்த வழக்கத்தை மட்டும் யாரும் இடிக்கவில்லை.

அப்பாவுக்குச் சட்டமன்றம் ஒரு பள்ளிக்கூடம். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் சாயங்காலமானால் போன் வந்துவிடும்.

"என்னா வைபி, இன்னிக்கு எத்தன பாஸு, எத்தன பெயிலு?"

தொகுதியே வைபி, அதாவது மாண்புமிகு, என்று மரியாதையாகக் கூப்பிட்டது; அப்பா மட்டும் கிண்டலாகக் கூப்பிட்டார். அரசாங்கம் கொண்டுவந்த மசோதாக்களெல்லாம் பாஸ் என்பாள். அவள் கொண்டுவந்த தீர்மானம்? அது பெயில். அவருக்குச் சிரிப்பு அடங்காது. "ஒன் கணக்கு வாத்தியாரு அன்னிக்கே சொன்னாருலா!" என்பார். மறுநாள் ஒரு பை கொய்யாப்பழத்தோடு பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து நிற்பார். தோற்ற மகளுக்குத்தான் அந்தப் பழம். ஜெயித்த நாட்களில் போனோடு சரி.

ஒருமுறைதான் கோபப்பட்டார். பழைய தோட்டத்து இடுகாடுகளை யாரும் வளைத்துப்போடாதபடி அரசாங்க நிலமாகப் பதிய வேண்டும் என்று போன கூட்டத்தொடரில் அவள் ஒரு தீர்மானம் எழுதிக்கொடுத்திருந்தாள். தலைகளை எண்ணிப் பார்த்தாள். தேறாது என்று தெரிந்ததும் வாக்கெடுப்புக்கு முன்னாலேயே வாபஸ் வாங்கிவிட்டாள்.

"பெயிலாயிட்டு வந்தா பழம் குடுக்கலாம்," என்றார் அப்பா. "பரிச்சைக்கே போவாத புள்ளைக்கு என்னாத்தக் குடுக்குறது?"

போனை வைத்துவிட்டார். கோபம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. விடிந்ததும் பழத்தோடு வந்து நின்றார். பஸ்ஸில் நசுங்கியதை அவர் எடுத்துக்கொண்டு நல்லதை இவளிடம் நீட்டினார். நவமணி குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு மனிதரை இனி எங்கே போய்த் தேடுவது?

"கொடம் தூக்குறது யாரு?" சடங்கு செய்யும் பண்டாரம் குரல் கொடுத்தார்.

"எம்மவன் தர்மேந்திரன்," என்றார் உடையப்பன் சித்தப்பா.

நவமணி மறுபடி எண்ண ஆரம்பித்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

"சித்தப்பா, நான் தூக்குறேன்."

கூடாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண்கூடக் கையை நிறுத்திவிட்டாள். சித்தப்பா அருகில் வந்து அவள் தலையில் கைவைத்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

"நவா, நீ எங்களுக்கெல்லாம் பெரும. இல்லேங்கல. ஆனா பொம்பளப் புள்ள இடுகாட்டுக்கு வரலாமா? நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அண்ணனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"அப்பாவுக்கு நான் ஒருத்திதானே சித்தப்பா?"

சன்னாசி நாற்காலியை விட்டு எழுந்தார். "வைபி கேட்டுட்டாங்க. வாய் வார்த்தையில விட வேணாம்லா. வைபி தூக்கட்டும்ங்கறவங்க கையத் தூக்குங்க."

கோப்பிக்காரப் பெண் தூக்கினாள். அப்பாவின் அக்கா பாக்கியம் அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே தூக்கினாள். தர்மேந்திரன் அப்பனைப் பார்த்துக்கொண்டே கையைப் பாதிவரை கொண்டுபோய், தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டான். அவ்வளவுதான்.

"சரிம்மா, இல்லேன்னு ஆயிருச்சு," என்றார் சன்னாசி. குரலில் வெற்றி எதுவும் இல்லை.

நவமணி தலையாட்டினாள். தோற்றது வலித்தது. ஆனாலும் கேட்டாயிற்று. சபையில் வாபஸ் வாங்கிய அன்று வராத தூக்கம் இன்றைக்கு வரும் என்று தோன்றியது.

பெட்டியை எடுத்தார்கள். சித்தப்பாவே முன்பக்கம் தோள் கொடுத்தார். தர்மேந்திரன் குடத்தைத் தோளில் ஏற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சன்னாசி பொரித்தட்டை ஏந்தி முன்னால் நடந்தார். பெண்கள் பின்னால் போனார்கள்.

சிம்பாங் வந்ததும் பெண்கள் நின்றார்கள். நவமணியும் நின்றாள். பெட்டி செம்பனைச் சாலைக்குத் திரும்பியது. அப்பா போகிறார். கத்தக்கூட வரவில்லை அவளுக்கு. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பாக்கியம் அத்தை அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திரும்பவில்லை. நேராக நடந்தாள்.

பின்னால் சலசலப்பு எழவும் பெட்டி நின்றது. பாரத்தோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் சித்தப்பா கூவினார். "அக்கா, எங்க வார நீ?"

"எந்தம்பிக்கு மண்ணு போட."

"அதான் அங்கயே முடிவாயிருச்சே!"

"கொடத்துக்குத்தான்டா முடிவாச்சு. கொடத்த ஒம்மவனே ஒடைக்கட்டும். எங்க ரெண்டு பேரும் நடக்குறதுக்கு எவன் கைதூக்குனான்? இப்பக் கேக்குறேன். வேணாங்கறவன் தூக்கு பாப்போம்."

நவமணி நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பாவின் இரண்டு கையும் பெட்டியின் அடியில் இருந்தன. பெட்டியைச் சுமந்த மற்றவர்களுக்கும் அப்படித்தான். தர்மேந்திரன் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சன்னாசி பொரித்தட்டைக் குனிந்து பார்த்தார். ஒரு கையால் பிடித்திருந்த தட்டில் மறு கையையும் மெல்ல வைத்துக்கொண்டார்.

யாரும் தூக்கவில்லை.

"பாரம் அழுத்துது, நடங்கடா," என்றார் சித்தப்பா.

பெட்டி நகர்ந்தது. நேற்றைய மழையில் செம்மண் சாலை வழுக்கியது. நவமணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அத்தையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது, சிம்பாங்கில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.