மைக்கின் மேல் விழுந்த சிவப்புக் கோடு

மைக் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு, அதற்கு மேலே ஒரு பெண்ணின் வாய் பாதி திறந்தபடி நிற்கிறது, பாட்டை முடித்துக் கண்ணைத் திறந்த பிரமுவுக்கு அது தன் வாய்தான் என்று உறைக்கச் சற்று நேரம் பிடித்தது, லேப்டாப் திரையில் பதின்மூன்று சதுரங்கள், பதினொன்றில் சின்னப் பிள்ளைகள், ஒன்றில் இவள், ஒன்றில் தங்கை வடிவு, அவள்தான் டீச்சர், சென்னையில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவள், மும்பைப் பக்கம் தானேயில் மூன்றாவது மாடியில் இருக்கிற ஐம்பத்தாறு வயது அக்காவுக்கும் சேர்த்து. எக்கா, பின்னால குக்கர் சத்தம் பெருசா கேட்டுச்சு, அதான் நாலு வரியிலயே மியூட் பண்ணிட்டேன், பரவால்ல, வாயசைவெல்லாம் நல்லா இருந்துச்சு, பிள்ளைகளா, ஆன்ட்டிக்கு எல்லாரும் கை தட்டுங்க என்கிறாள் வடிவு, பதினொரு சதுரங்களிலும் கைகள் சத்தமில்லாமல் தட்டுகின்றன.

குக்கரா, எந்தக் குக்கர், காலையில் பால் காய்ச்சியதோடு அடுப்பை அணைத்தாயிற்று, ஃபேனை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, இந்த வயசுல பாட்டுப் படிச்சு எந்தக் கச்சேரிக்குப் போகப்போறே என்று கேட்ட வீட்டுக்காரரைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு அல்லவா உட்கார்ந்திருந்தாள். விஜயதசமியன்று ஆளுக்கு ஒரு பாட்டை முழுதாகப் பாடிக் காட்ட வேண்டும் என்பது வடிவின் வகுப்பு வழக்கம், மற்ற நாளெல்லாம் எல்லோர் மைக்கையும் அடைத்துவைத்துவிடுவாள், பன்னிரண்டு வீட்டுக் குரலும் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தால் சந்தைக்கடை ஆகிவிடும் என்பாள், அது நியாயம்தான், அதனால் இரண்டு வருஷமாக இவள் கூடப் பாடியதெல்லாம் இந்தச் சுவருக்குத்தான் கேட்டது, தனியாகப் பாடும் முறை வரும்போதெல்லாம் நேரமாகிவிடும், எக்கா உனக்கு அப்புறம் பாப்போம். அந்த அப்புறம் இன்றைக்குத்தான் வந்தது, நாலு மாதமாக ஒரே சஹானா ராகப் பாட்டு, குளிக்கும்போதும் கீரை ஆயும்போதும் சஹானா, மேடை வேண்டாம், கைதட்டலும் வேண்டாம், வடிவு ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டு, நல்லா இருக்குக்கா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இவள் ஆசைப்பட்டது.

அதே சஹானாதான் அன்றைக்கும், திருநெல்வேலியில் பாட்டு வாத்தியார் வீட்டு நடையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் பதினாலு வயதுப் பிரமு உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே ஒன்பது வயது வடிவு, ரெண்டு பொட்டப்பிள்ளைக்கும் எதுக்குப் பாட்டு, சின்னவ படிக்கட்டும், பெரியவ துணைக்குப் போயிட்டு வரட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார், அப்பா சொன்னால் சொன்னதுதான், திரும்பி வரும்போது பஸ்ஸில் வடிவு மடியில் தூங்கிப்போவாள், வீடு வந்ததும் பாதிப் பாட்டு மறந்திருக்கும், எக்கா அந்த எடம் எப்படிக்கா என்று தாவணியைப் பிடித்து இழுப்பாள், வெளியே இருந்து கேட்டு வைத்திருந்ததைக் கிணற்றடியில் வைத்துப் பிரமு சொல்லிக் கொடுப்பாள், அடுத்த வகுப்பில் உனக்குக் கற்பூர புத்தி என்று வாத்தியார் சின்னவளை மெச்சுவார், அதைக் கேட்டு நடையில் இருப்பவளுக்கும் உச்சி குளிரும். ஒரு நாள் தன்னை மறந்து பிரமு கொஞ்சம் உரக்கவே பாடிவிட்டாள், வெளிய யாரு முனகுதது என்கிறார் வாத்தியார், எங்க அக்கா என்று வடிவு சொல்லியிருக்கலாம், எங்க அக்காதான் சார் எனக்குச் சொல்லித் தருதா என்றும் சொல்லியிருக்கலாம், அவள் எழுந்து வந்தாள், அக்காவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். சின்னப்பிள்ளைதானே, பயந்திருக்கும், என்று நாற்பத்திரண்டு வருஷமாகத் தங்கைக்காகத் தனக்குத் தானே பரிந்து பேசி வந்தாயிற்று.

ஐம்பத்தொரு வயதுக்காரிக்கு என்ன பயம். நாலு வரி கேட்டிருக்கிறாள், நாலு வரி போதும், மூன்றாவது வரி முடிவில் குரலை மெல்ல இழைத்து இறக்கும் இடம் வாத்தியார் சொல்லித் தந்ததே இல்லை, அது பிரமு தானாகப் பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தது, வடிவு அதை மேடைமேடையாகப் பாடிப் பேர் வாங்கினாள், இது என்னோட பாணி என்று போன மாதம்கூடப் பிள்ளைகளிடம் சொன்னாள், அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு ஆன்ட்டியின் வாயிலிருந்து அதைவிடச் சுத்தமாக அதைக் கேட்டுவிட்டால்? ஏறின ஏணியை எட்டி உதைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், வடிவு ஏணியின் வாயையும் அல்லவா பொத்துகிறாள், பாவி, நீ அன்றைக்கும் பயப்படவில்லையடி.

எக்கா, பேசாம இருக்கியே, கோவமா, என்று சதுரத்துக்குள்ளிருந்து வடிவு சிரிக்கிறாள், கோபம் என்று சொல்லக்கூட இவளுக்கு மைக் இல்லை, சரி பிள்ளைகளா, மங்களம் பாடி முடிச்சிருவோம், அவங்கவங்க மியூட்டுலயே பாடுங்க, என்று வடிவு கண்ணை மூடிக்கொண்டு தொடங்குகிறாள். பிரமுவின் விரல் சத்தம் குறைக்கும் பொத்தானுக்குப் போனது, அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள், ஒன்றுமே கேட்காமல் போகும்வரை அழுத்தினாள், எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து சஹானாவை முதல் வரியிலிருந்து எடுத்தாள், மூன்றாவது வரி முடிவில் குரலை அவசரமே இல்லாமல் இழைத்து இறக்கினாள், திரையில் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்துச் சதுரத்தில் ஒரு பெண்ணின் வாய் திறந்து திறந்து மூடுகிறது, பாட்டை முழுதும் முடித்த பிறகு பிரமு அந்த வாயைப் பார்த்து, வாயசைவெல்லாம் நல்லா இருக்குட்டி என்றாள், அதுவும் வடிவுக்குக் கேட்கவில்லை.