இருவருமே துணையாள்

பிழை என்னுடையது என்பதை முதலிலேயே பணிவுடன் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நண்பகல் வரை சுடுவதில்லை என்று இரு தரப்பும் உடன்பட்டிருந்த நாள் அது. பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பறையே எங்கள் பதிவு அலுவலகம். மாற்றுத்திறனாளிகளையும், ஆளுக்கொரு துணையாளையும் ஏற்றிச்செல்லும் முதல் பேருந்து வாசலில் நின்றது. மற்றபடி ஆண்கள் நகரைவிட்டு வெளியேறத் தடை இருந்தது.

பேருந்துப் பொறுப்பாளர் பட்டியலை என் மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது? தையற்காரர் துணையாள். அவர் சம்சாரமும் துணையாள். அப்ப யாருக்குத்தான் துணை, பஸ்ஸுக்கா?"

முந்தைய நாள் ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசையில் நின்றார்கள். உதவி யாருக்குத் தேவை என்று நான் கேட்டதற்கு அந்த அம்மையார், "அவருக்குத்தான், நான் கூடப் போறேன்" என்றார். எழுதிக்கொண்டேன், தலை நிமிரவில்லை. பேனாவை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. எழுதத் தெரியாதவர் போலும் என்று கருதி, கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றினேன். அடுத்த மேசையில் நீட்டிய படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தையற்காரரும் "அவளுக்குத்தான்" என்றே சொல்லியிருக்கிறார்.

இப்போது இருவரும் என் முன்னே நின்றார்கள். கணவரின் முழங்கையைப் பற்றியிருந்த அம்மையாரின் பார்வை எதிலும் நிலைக்கவில்லை.

"அம்மா வேணா போகலாம். ஐயா இறங்கணும்" என்றார் பொறுப்பாளர்.

அம்மையார் கணவரின் உள்ளங்கையை விரித்து, விரலால் விறுவிறுவென்று எழுதினார்.

"அவளுக்குக் கண்ணு தெரியாது சார்!" என்று தையற்காரர் கூரை அதிரக் கத்தினார். "நான் இல்லாம எப்படிப் போவா?"

"மன்னிச்சுக்கோங்க. அவர் குரல் அவருக்கே கேக்காது" என்றார் அம்மையார். "குண்டு விழற சத்தமும் கேக்காது. நான் கையைச் சுரண்டினாத்தான் குனிவார்."

"இப்பல்லாம் ஊருல ஒரு ஆம்பளைக்கும் காது கேக்கறதில்ல!" என்றார் பொறுப்பாளர்.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றேன் நான்.

"எனக்கு என்ன குறை? அவர்தான் பாவம்."

சுவரில் போர்க்காலப் பாதுகாப்புச் சட்டத்தின் குறிப்பு ஒட்டியிருந்தது. எழுந்து நின்றேன். "மாற்றுத்திறனாளிகளை அவர்தம் துணையிடமிருந்து பிரித்தல் ஆகாது" என்று வாசித்தேன்.

"சட்டம் எனக்கும் தெரியும்மா. ஆனா ஓர் ஆளுக்கு ஒரு கட்டத்துலதான் குறி. ஒண்ணு மாற்றுத்திறனாளி, இல்ல துணையாள்."

"தயவுசெய்து கோவிச்சுக்காதீங்க ஐயா. ஒண்ணுலதான் போடணும்னு இதுல எங்கயும் எழுதல" என்றேன் நான்.

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு தையற்காரரின் முதுகுக்குப் பின்னால் சென்று மேசையை ஓங்கி அறைந்தார். நான் துள்ளினேன். அம்மையாரின் விரல் கணவரின் கையைச் சுரண்டியது. அதன் பிறகே அவர் சட்டெனக் குனிந்தார்.

பொறுப்பாளர் அம்மையாரின் பக்கம் திரும்பினார். "வீட்டுல சண்டைன்னா எப்படிம்மா?"

"திட்டணும்னா கையில எழுதணும். எழுதி முடிக்கறதுக்குள்ள பாதி கோவம் போயிடும்."

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். "படிச்சவங்ககிட்ட வாய் கொடுத்தா இப்படித்தான். ரெண்டு கட்டத்துலயும் குறி போடுங்க, ரெண்டு பேருக்கும். திருத்தின எடத்துல கையெழுத்து வேணும்."

மைப்பெட்டியை இழுப்பறையில் வைத்து மூடினேன். அம்மையாரின் கையில் பேனாவைக் கொடுத்து, அவருடைய சுட்டுவிரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தேன். அவர் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

"வழக்கம்போல கோணலா எழுதியிருக்கா!" என்று தையற்காரர் அறை முழுவதற்கும் அறிவித்தார்.

பேருந்தின் சன்னலோரம் அமர்ந்ததும் அம்மையார் கணவரின் கையைப் பிடித்து இழுத்து, எழுதத் தொடங்கினார். திட்டாகத்தான் இருக்க வேண்டும். பேருந்து தெருமுனையில் திரும்பும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.