சமதளம் முடிகிற இடம்

"சிலிகுரியிலேர்ந்து கிளம்பின அன்னிக்கே லாவா கிராமம் வரைக்கும் ஏறாதே. காலிம்போங்ல தங்கிக்கோ," என்றார் வெங்கடநாராயணன், வாயிலிருந்த கஞ்சியை விழுங்காமலே.

தமயந்தி அடுத்த ஸ்பூனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் விழுங்கினால்தான் அடுத்தது. அவரோ வழக்குத் தீராமல் விழுங்குவதாக இல்லை.

"நீங்க முதல்ல முழுங்குங்கோப்பா. காலிம்போங்ல என்ன இருக்கு? கடைத்தெரு. நம்ம கரியாஹாட் மாதிரிதான் இருக்குமாம். அதைப் பார்க்கவா அத்தனை தூரம் வண்டி ஓட்டிண்டு போறேன்?"

"நாலு மணிக்கு மேல மூடுபனி இறங்கிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போனதே இல்லையே."

"போனவா எல்லாரும் எங்கிட்ட வந்துதானே சொல்லியிருக்கா," என்று சொல்லிவிட்டு விழுங்கினார்.

அது உண்மைதான். டாக்குரியாவில் அவர்கள் இருந்த சந்தில், துர்கா பூஜை விடுமுறைக்கு மலை ஏறாத வங்காளிக் குடும்பம் கிடையாது. மங்கி கேப்பும் ஃப்ளாஸ்க்குமாக அவர்கள் டாக்ஸியில் ஏறும்போது அப்பா பால்கனியில் நின்று வழியனுப்புவார். திரும்பி வந்ததும் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்து விசாரிப்பார். எந்த வளைவில் மண் சரிந்திருந்தது, எந்தக் கடையில் டீ குடிக்கும்படி இருந்தது, கடைசி பெட்ரோல் பங்க் எங்கே. இப்படிக் கேட்டுக் கேட்டே மலைப் பாதை முழுவதும் அவருக்கு மனப்பாடம். எதிர்வீட்டு சட்டர்ஜி பாபு வருஷா வருஷம் போகிறவர், ஆனாலும் புறப்படுவதற்கு முன் அப்பாவிடம் வந்து ஒரு தடவை வழி கேட்டுக்கொண்டுதான் போவார்.

அப்பா மட்டும் போகவில்லை. கல்யாணமான வருஷமே போவதாக இருந்தது. புதிதாக வாங்கிய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு டார்ஜிலிங் போய் வருவதாக, வேலை பார்த்த பாங்கில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அதற்குள் தமயந்தி வயிற்றில் வந்துவிட்டாள். மனைவி உண்டாகியிருக்கும்போது புருஷன் மலை ஏறக்கூடாது. அடுத்து அவருடைய அப்பா போனார். தகப்பன் போனால் பிள்ளை ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. அந்த வருஷம் கழிந்ததும் அவள் தம்பி ஜெய்ராம் உண்டானான். அப்புறம் அவருடைய அம்மா போனாள். தடை எதுவும் இல்லாத வருஷங்களில் மலையில் பந்த் நடந்தது, இல்லாவிட்டால் குழந்தைகளுக்குப் பரீட்சை வந்தது. கடைசியில் ராஜ்தூத்தையே விற்றாயிற்று. சாஸ்திரத்தை மீறுகிற மனுஷர் இல்லை அவர். அதைத் திட்டாமல் இருக்கிற மனுஷரும் இல்லை.

"பொறந்தவாளும் செத்தவாளுமாச் சேர்ந்து என்னைக் கீழேயே உக்கார வெச்சுட்டா," என்பார்.

ஜெய்ராம் பெங்களூரில் வேலைக்குப் போய் மோட்டார் சைக்கிள் வாங்கியதும் அப்பாவுக்குப் புது உயிர் வந்தது. அவன் போகட்டும், அவன் கண்ணால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தார். தினமும் போனில் அவனோடு திட்டம். மால்டாவில் ஒரு ராத்திரி, சிலிகுரியில் ஒரு ராத்திரி, அப்புறம் மலை. ஜாதவ்பூரில் கல்யாணமாகி இருக்கிற தமயந்தி வந்து காபி கலந்து கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாற்பது வயதில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டு அவளும் ஒரு புல்லட் வாங்கியிருந்தாள். அதில்தான் அங்கே வந்து போனாள். இருந்தும் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருஷம் அப்பாவுக்குக் குடலில் புற்று என்று தெரிந்தது. அந்த வாரமே அவர் ஜெய்ராமை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "அவன் இல்லை. நீதான் போகப்போறே," என்றார். பிள்ளை தூரத்தில் இருக்கிறான், கைக்கு எட்டுகிறவள் பெண், அதனால் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தது உள்ளே ஒரு முள்ளாகக் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் வந்தாள், துடைத்தாள், ஊட்டினாள், வழிச் சண்டை போட்டாள். இந்தப் பூஜை முடிந்த கையோடு புறப்படுவது என்று முடிவாகியிருந்தது. வெளியே ஆகஸ்ட் மழை பிடித்துக்கொண்டு பெய்தது.

"சரி," என்றார் அப்பா. "லாவாவிலேயே தங்கு. போன் பண்ணி ரூம் இருக்கான்னு கேளு. மலை தெரியற ஜன்னல் இருக்கான்னும் கேட்டுக்கோ."

இவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

லாவாவில் வீட்டிலேயே அறை விடுகிற அந்த அம்மாள் இந்தியில் பேசினாள். பின்னால் சேவல் கூவியது. ரூம் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் நேரே காஞ்சன்ஜங்காதான், மேகம் இல்லாவிட்டால், என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மேகம் இல்லாவிட்டால் என்பதை அப்பாவிடம் அப்படியே சொல்லவேண்டும் என்று தமயந்திக்குத் தோன்றியது. அவர் அதை ரசிப்பார். போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள்.

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் இரண்டு பாதங்களும் அவள் கைகளுக்குள் இருந்தன. கிண்ணத்தில் கஞ்சி ஆடை கட்டியிருந்தது.

"தம்மு," என்றாள் அம்மா, நிமிர்ந்து பார்க்காமல். "வாசக் கதவைத் திறந்து வை."

போனில் அந்த அம்மாள், எந்தத் தேதிக்கு தீதி, எந்தத் தேதிக்கு, என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொல்கிறேன் என்று தமயந்தி வைத்தாள். போய்க் கதவைத் திறந்தாள். திரும்பி வந்து தலைமாட்டில் நின்றாள்.

"ஜன்னல் இருக்காம்," என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள்.

ஜெய்ராம் அன்று ராத்திரி கடைசி விமானத்தில் வந்து சேர்ந்தான். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பையனாக இருந்தபோது அழுததுபோல அழுதான். மறுநாள் காலையில் சட்டர்ஜி பாபுவும் சந்தின் கிளப் ஆட்களுமாகச் சேர்ந்து கண்ணாடி வண்டியை ஏற்பாடு செய்தார்கள். பெண்கள் மயானத்துக்குப் போகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. எங்கள் வீடுகளில் இப்போதெல்லாம் பெண்களே கொள்ளி வைக்கிறார்களே என்று சட்டர்ஜியின் மனைவி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மழைத் தண்ணீர் தேங்கிய சந்தில் வண்டி தயங்கித் தயங்கிப் போய்த் திரும்பியதை தமயந்தி பால்கனியிலிருந்து பார்த்தாள். வழியனுப்ப அப்பா நிற்கிற இடத்தில் தான் நிற்பது, வண்டி மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

லேக் மார்க்கெட்டிலிருந்து வந்திருந்த வாத்தியார் பொறுமையான மனிதர். பிள்ளைக்கு உண்டானதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்து நாள் தீட்டு, மாதா மாதம் மாசியம், ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, சமுத்திர ஸ்நானம் கிடையாது, மலை ஏறக்கூடாது. பிறகு தமயந்தியைப் பார்த்து, ஒரு சலுகை கொடுப்பவர்போலக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பொண்ணுக்கு மூணு நாள்தான். வேற கோத்ரம் ஆயாச்சோல்லியோ. நாலாம் நாள் ஸ்நானம் பண்ணிட்டு அவ ஆத்துக்குப் போகலாம். பத்துக்கு வந்தாப் போரும்."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. ஒரு வருஷமாக இந்தக் கையால் செய்ததற்கெல்லாம் மூன்று நாள். போனில் பேசினவனுக்கு ஒரு வருஷம். ஜெய்ராம்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஈர வேஷ்டியில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன்மேல் என்ன கோபம். யார்மேல் என்று தெரியாததால்தான் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய், ஏற்கெனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், மறுநாள் குளித்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான் என்று அவள் பையில் துணிகளை வைத்துக்கொண்டிருந்தபோது லாவாவிலிருந்து போன் வந்தது. பூஜை சமயம், நிறையப் பேர் கேட்கிறார்கள், உங்கள் ரூமை வைத்திருக்கவா விட்டுவிடவா என்று அந்த அம்மாள் கேட்டாள்.

விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் தமயந்தி வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா வந்து போனை வாங்கிக்கொண்டாள். அம்மா விஜயலக்ஷ்மிக்கு இந்தி வராது. நாற்பத்தைந்து வருஷம் டாக்குரியாவில் மீன்காரியோடும் காய்கறிக்காரனோடும் மல்லுக்கட்டிய வங்காளம்தான் வரும்.

"கோர் ராக்குன். மேயே ஆஷ்பே," என்றாள். ரூமை வைத்திருங்கள், பெண் வருவாள். போனை எப்படி அணைப்பது என்று தெரியாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

தமயந்தி அணைத்தாள். "என்னம்மா இது? அவனாலேயே போக முடியாதுங்கறா. நான் மட்டும் எப்படி?"

"அவனால முடியாதுன்னுதான் உன்னைச் சொன்னார்."

அவளுக்குப் புரியவில்லை. அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டதால் வெறும் பலகைதான் இருந்தது.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு டாக்ஸியில சொன்னார். ஜெய்ராமை வெச்சுண்டு ப்ளான் போட்டா, நான் நடுவுல போயிட்டேன்னா அவன் ஒரு வருஷம் நிக்கணும். அப்புறம் அவன் ஆம்படையாளுக்கு ஏதாவது விசேஷம் வரும். அப்புறம் நீ இருக்கே, உனக்கு ஒண்ணு ஆனா இன்னொரு வருஷம். எங்கதைதான் அவனுக்கும். தம்முவுக்கு மூணு நாள்தான், அவளை யாராலயும் நிறுத்த முடியாது. அவதான் போவான்னார்."

தமயந்தி பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றாள்.

"சொன்னா நீ அழுவே. அப்புறம் எந்த ஊர்ல தங்கறதுன்னு அவரோட யார் சண்டை போடறது? அந்தச் சண்டைக்காகத்தான் தினம் ரெண்டு வாய் சாப்பிட்டார்."

நிலைப்படியில் ஜெய்ராம் நின்றுகொண்டிருந்தான். மழித்த தலை அவனுக்குப் பொருந்தவே இல்லை. காது இரண்டும் தனியாகத் தெரிந்தன.

"அப்போ என்னை வேலையை விட்டே எடுத்துட்டாரா?" என்றான். "எங்கிட்ட வேற மாதிரின்னா சொன்னார். உனக்கு லீவு கிடைக்காதுடா, உன்னை நம்பி ஒரு காரியத்துல இறங்க முடியாதுன்னு திட்டினார். நானும் ஒரு வருஷமா அதையே நெனச்சு மருகிண்டிருக்கேன்."

முதலில் சிரித்தது அம்மாதான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். துக்கம் கேட்க வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சட்டர்ஜியின் மனைவி, என்ன சத்தம் என்று புரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்ததும் தமயந்திக்கு அழுகை வந்தது. மூன்று நாளாக வராதது மொத்தமாக வந்தது.

அவள் முகம் கழுவிவிட்டு வரும்வரை ஜெய்ராம் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, சிலிகுரி மலையில இல்லையே," என்றான். "அது வரைக்கும் சமதளம்தானே. பின்னாடி உக்காந்துண்டு வரேன். அங்கேர்ந்து ரயில்ல திரும்பிடறேன்."

"அசட்டுத்தனமா ஏதாவது பண்ணாதே. வாத்தியாரைக் கேட்டுக்கோ," என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் கேட்டான். மலை என்றால் எங்கிருந்து மலை என்று அந்த மனிதரை அதுவரை யாரும் கேட்டதில்லை. கையில் வைத்திருந்த தர்ப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏற ஆரம்பிச்சா மலை. அதுக்கு முன்னாடி ரோடு," என்றார். "மாசியத்துக்கு மட்டும் வந்து சேர்ந்துடு."

பூஜை முடிந்து, பந்தல் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் இருவரும் டாக்குரியாவிலிருந்து புறப்பட்டார்கள். மால்டாவில் தங்கினார்கள், சிலிகுரியில் தங்கினார்கள். சிலிகுரி போனதும் இறங்கிக்கொள்வதாகச் சொன்ன ஜெய்ராம், அங்கே இறங்கவில்லை. காடு வரைக்கும் சமம்தான் என்றான். காட்டின் நடுவே நேராகப் போன சாலையில் பின்னால் உட்கார்ந்தபடியே வந்தான். சேவக்கில் ரயில்பாதையைத் தாண்டி, வலது பக்கம் டீஸ்டா நதி வெளிறிய பச்சையாகத் தெரிந்ததும் அக்காவின் தோளைத் தட்டினான்.

அவள் நிறுத்தினாள். எதிரே மலை இருந்தது. அத்தனை பெரியதாக இருக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லித்தான் இருப்பார்கள், காதில் ஏறியிருக்காது.

"இங்கே ஏறறதா?" என்றான்.

"தெரியலைடா. சமமாத்தான் இருக்கு."

அவன் இறங்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தார் ரோட்டின் ஓரத்தில் படுக்கவைத்தான். பாட்டில் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் வரலாம்," என்றான்.

அவன் முன்னால் நடந்தான். அவள் முதல் கியரில் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனாள். ஒரு லாரி ஹாரன் அடித்து அவர்களைத் திட்டிவிட்டு முந்திப் போனது. மறுபடியும் பாட்டிலைப் படுக்கவைத்தான். அசையவில்லை. முள்ளாக முடி வளர்ந்திருந்த தலையைத் தடவிக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். டீக்கடைகள் முடிந்தன. மரங்களின் நிழல் சாலைமேல் விழ ஆரம்பித்தது.

குனிந்து பாட்டிலை வைத்துவிட்டுக் கையை எடுத்தான். அது சற்று நின்றது. பிறகு மெல்லப் புரண்டு, உருண்டு, அவன் செருப்பில் வந்து முட்டியது.

ஜெய்ராம் அதை எடுத்து அவளிடம் கொடுத்தான். ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டான்.